இயந்திரம் கற்கும் தமிழில் சேரியின் குரல் எங்கே?

2021 ஜூன் மாதம் கர்நாடகத்தில் ஒரு கொந்தளிப்பு எழுந்தது. 'இந்தியாவின் மிக அசிங்கமான மொழி எது?' என்று ஆங்கிலத்தில் கூகுளில் தேடியவர்களுக்குக் 'கன்னடம்' என்று பதில் வந்தது. மக்கள் கொதித்தார்கள். வழக்குத் தொடுப்போம் என்று மாநில அமைச்சரே அறிவித்தார். கூகுள் அந்தப் பதிலை நீக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டது.

2011 கணக்கெடுப்பின்படி 4 கோடிக்கும் அதிகமானோரின் தாய்மொழி கன்னடம். 2008இல் செம்மொழித் தகுதி பெற்ற மொழி. அப்படிப்பட்ட மொழிக்கே இந்த அவமானம் எப்படி வந்தது? இயந்திரத்துக்கு எந்த மொழியின் மீதும் வெறுப்புக் கிடையாது. எங்கோ ஒரு பக்கத்தில் எவரோ எழுதி வைத்ததை எடுத்து உலகத்தின் தீர்ப்பைப் போல அது சொல்லிவிட்டது. தன்னிடம் எழுதி வைக்கப்பட்டதை மட்டுமே அது அறியும். எழுதப்படாதது அதற்கு இல்லவே இல்லை.

இந்தச் செய்தியைப் படித்தபோது எங்களுக்கு ஆச்சரியம் வரவில்லை. எவரோ எழுதி வைத்ததே உண்மையாகிவிடும் கொடுமையைச் சேரி மக்கள் நூற்றாண்டுகளாக அறிவோம். நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதினார்கள். அதுவே பதிவேடாயிற்று, பழமொழியாயிற்று, அகராதியாயிற்று. இப்போது கணினியும் கைப்பேசியும் அதே ஏடுகளைப் படித்துத்தான் மொழி கற்கின்றன. தமிழைத் தொழில்நுட்பத்தின் காலத்தில் காப்பாற்ற வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். நாமும் பேசுவோம். ஆனால் ஒரு கேள்வியோடு பேசுவோம்: காப்பாற்றப்படும் அந்தத் தமிழ் யாருடைய தமிழ்?

உள்ளே போனதும் வெளியே நின்றதும்

கணினியில் தமிழ் ஏறியது தானாக நடந்துவிடவில்லை. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோட் முறையில் 1991லேயே தமிழ் இடம்பெற்றது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2001இல் இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம் தொடங்கப்பட்டது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க நூல்கள் முதல் நவீன இலக்கியம் வரை தட்டச்சு செய்து எல்லோருக்கும் இலவசமாக வைத்தது. 2003 முதல் தமிழ் விக்கிப்பீடியா வளர்கிறது. கூலி வாங்காமல் இரவெல்லாம் கண்விழித்துத் தட்டச்சு செய்தவர்களின் உழைப்பு இதில் இருக்கிறது. அந்த உழைப்பை நாம் மதிக்கிறோம்.

இன்றைய செயற்கை நுண்ணறிவு இந்த எழுத்துக் குவியலைப் படித்துத்தான் தமிழ் கற்கிறது. பேச்சைப் புரிந்துகொள்ளும் செயலிகள், பதிவு செய்யப்பட்ட குரலையும் அதன் எழுத்து வடிவத்தையும் சேர்த்து வைத்துப் பழகுகின்றன. எந்த ஊரின் பேச்சு அதிகம் பதிவானதோ அது அவற்றுக்கு எளிதாகப் புரியும். பதிவாகாத பேச்சில் தடுமாறும். இதில் மந்திரம் எதுவும் இல்லை. போட்டதுதான் முளைக்கும்.

போடப்பட்டவை எவை? இலக்கியம், நாளிதழ், பாடநூல், சினிமா, அரசு அறிவிப்பு. போடப்படாதவை எவை? தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிப் பாசன ஊர்களில் கழனியில் இறங்கிய நம் பாட்டிகள் பேசியது. சேடை ஓட்டுவது, பரம்பு அடிப்பது, அண்டை வெட்டுவது, களத்தில் கருக்காயைத் தூற்றி எடுப்பது என்று ஒவ்வொரு வேலைக்கும் அவர்களிடம் ஒரு சொல் இருந்தது. ஏரியின் மதகைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று அளந்து விட்ட நீர்க்கட்டிகள் பல ஊர்களில் தலித்துகள்தாம். தண்ணீரைப் பற்றி அவர்கள் அறிந்திருந்தது ஒரு தனிப் படிப்பு. மாடம்பாக்கத்தில் ஏரி இருக்கிறது. அதன் கீழே கழனி இருந்த இடங்களில் மனைகளும் அடுக்ககங்களும் வந்துவிட்டன. 2021இல் மாடம்பாக்கம் பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. வேலை போனதும் வேலையின் சொல்லும் போகிறது. அந்தச் சொற்களை வாயில் வைத்திருக்கும் கடைசித் தலைமுறை இன்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதி மக்கள் 1 கோடியே 44 லட்சம் பேர். ஐந்தில் ஒருவர். ஐந்தில் ஒருவரின் பேச்சு போதுமான அளவு சேராத தமிழை முழுத் தமிழ் என்று எப்படிச் சொல்வது?

பெரும்பாக்கம் சொல்லும் பாடம்

மாடம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் வழியாகக் கிழக்கே போனால் பெரும்பாக்கம் வரும். அங்கே செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இருக்கிறது. அதன் புதிய கட்டடம் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள நூல்களைப் பதிப்பிக்கவும் பிற மொழிகளில் பெயர்க்கவும் அங்கே அறிஞர்கள் உழைக்கிறார்கள்.

அதே பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்ட மறுகுடியமர்வு அடுக்ககங்கள் நிற்கின்றன. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் பிற குடிசைப் பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்டவர்கள் அங்கே வாழ்கிறார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதி தலித் குடும்பங்கள். அவர்கள் பேசுவது மெட்ராஸ் பாஷை.

இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் சோழிங்கநல்லூர், பழைய மாமல்லபுரம் சாலை, கண்ணாடிச் சுவர் வைத்த மென்பொருள் நிறுவனங்கள். உலகமயமாக்கல் என்று புத்தகத்தில் படிப்பது அங்கே கட்டடமாக நிற்கிறது.

பழந்தமிழுக்கு ஒரு நிறுவனம், உழைப்பவர் தமிழுக்கு ஓர் அடுக்ககம், ஆங்கிலத்துக்கு ஒரு நெடுஞ்சாலை. மூன்றும் ஒரே தடத்தில் இருந்தும் ஒன்றின் கதவை இன்னொன்று தட்டுவதில்லை. அடுக்ககத்துப் பெண்கள் நெடுஞ்சாலை நிறுவனங்களுக்கு வீட்டு வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போகிறார்கள். அவர்களின் உழைப்புக்கு உள்ளே இடம் உண்டு. பேச்சுக்கு இல்லை.

மெட்ராஸ் பாஷையைச் சினிமா நகைச்சுவைக்கு எடுத்துக்கொண்டது. 'நாஸ்டா', 'பேஜார்' என்று ஒருவர் பேசினால் அவர் ரௌடி அல்லது கோமாளி என்று திரையில் பழக்கிவிட்டார்கள். ஆனால் அந்தப் பேச்சின் வரலாறு என்ன? அந்த இரண்டு சொற்களும் உருதுவிலிருந்து வந்தவை. துட்டு என்பது டச்சுக்காரர்களின் நாணயப் பெயர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் ரிக்சா இழுத்தவர்களும் கப்பலில் வந்த நாலு தேசத்துச் சொல்லையும் எடுத்துத் தமிழ் இலக்கணத்துக்குள் அடக்கிப் பேசினார்கள். உலகம் நம்மூருக்கு வந்தபோது அதைத் தமிழாக்கியவர்கள் அவர்கள். தொழில்நுட்பத்தால் வரும் பிறமொழிச் சொல்லை எப்படி உள்வாங்குவது என்று இன்று கருத்தரங்கு நடக்கிறது. விடை தெரிந்தவர்கள் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் இருக்கிறார்கள்.

அச்சு வந்த நாளில் நம் முன்னோர்

புதிய கருவியைக் கண்டு ஒதுங்கி நிற்பது நம் மரபில்லை. ஓலை போய் அச்சு வந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். திருக்குறள் முதன்முதலில் 1812இல் அச்சானது. ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன், வீட்டிலிருந்த திருக்குறள் ஏடுகளைக் கொடுத்தார் என்றும், அவை எல்லிஸ் துரையின் கைக்குச் சேர்ந்து அச்சேறின என்றும் அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். தமிழர் எல்லோரும் கொண்டாடும் நூல் காலத்தைக் கடந்து வந்ததில் ஒரு தலித் வீட்டுப் பரணுக்கும் பங்கு உண்டு என்று அவர் பதிவு செய்தார். கந்தப்பன் பெயரை இன்று எத்தனை மாணவர்கள் அறிவார்கள்?

அயோத்திதாசர் அதோடு நிற்கவில்லை. 1907 ஜூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைச் சென்னை இராயப்பேட்டையில் தொடங்கினார். பிறகு அது 'தமிழன்' ஆயிற்று. 1914இல் மறையும்வரை விடாமல் நடத்தினார். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான் சூட்டப்பட்டிருக்கிறது. மருந்து வாங்கப் போகிறவர்கள் பலகையில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பார்கள். அவர் சித்த மருத்துவர் மட்டுமல்லர், இதழாசிரியரும்கூட என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

அவருக்கும் முன்னால், நம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் 'பறையன்' என்ற இதழைத் தொடங்கினார். எந்தச் சொல்லால் இழிவு செய்தார்களோ அந்தச் சொல்லையே தலைப்பில் வைத்தார். அன்று அச்சு என்பது இன்றைய செயற்கை நுண்ணறிவுக்குச் சமமான புதுமை. அது வந்தபோது, 'இது நமக்கில்லை' என்று இவர்கள் ஒதுங்கியிருந்தால் நம் குரலுக்கு நூறு ஆண்டுச் சான்று இருந்திருக்காது.

ஒரு கன்னடக் கதை

தலித்துகள் தாய்மொழியைவிட ஆங்கிலத்தைத்தான் விரும்புகிறார்கள் என்று நம்மீது ஒரு குற்றச்சாட்டு உண்டு. இதற்குக் கன்னட நாட்டில் ஏற்கெனவே பதில் கிடைத்துவிட்டது.

1973 நவம்பரில் மைசூரில் நடந்த கூட்டத்தில், தேவராஜ் அர்ஸ் அமைச்சரவையில் இருந்த தலித் அமைச்சர் பி.பசவலிங்கப்பா, கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி 'பூசா' என்று பேசினார். பூசா என்றால் மாட்டுத் தவிடு. தலித் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். மொழிப்பற்று என்ற பெயரில் மாநிலமெங்கும் அவருக்கு எதிராகப் போராட்டம் வெடித்தது. தலித் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். பசவலிங்கப்பா பதவி விலகினார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்தக் கொந்தளிப்பிலிருந்துதான் தலித் சங்கர்ஷ சமிதி பிறந்தது. அந்தத் தலைமுறையின் இளைஞர்கள் கன்னடத்தை விட்டு ஓடவில்லை. அதற்குள்ளே போய்த் தங்கள் இடத்தை எடுத்துக்கொண்டார்கள். தேவனூர் மகாதேவ தம் ஊர்ப்பக்கத்துப் பேச்சிலேயே 'குசுமபாலே' நாவலை எழுதினார். கன்னடம் படித்தவர்களே அந்த மொழியைக் கண்டு திணறினார்கள். 1990இல் அதற்குச் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. கவிஞர் சித்தலிங்கையா பின்னாளில் கன்னட வளர்ச்சி ஆணையத்துக்கே தலைவரானார். 2015இல் சிரவணபெளகொளாவில் நடந்த கன்னட இலக்கிய மாநாட்டுக்கும் அவரே தலைவர். மொழியின் எதிரிகள் என்று யாரை அடித்தார்களோ அவர்களின் தோழர்கள்தாம் அந்த மொழிக்குப் புது ரத்தம் கொடுத்தார்கள்.

தமிழிலும் இது நடந்தது. 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' சேரிப் பேச்சை இலக்கியத்தின் நடு வீட்டில் உட்கார வைத்தது.

ஆகவே ஆங்கிலமா தமிழா என்ற சண்டைக்கு நம் பிள்ளைகளை இழுக்காதீர்கள். வேலைக்கும் உலகத்துக்கும் ஆங்கிலம் வேண்டும். அதை நம் பிள்ளைகள் நன்றாகவே கற்க வேண்டும். மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்குவோர் பலர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துத் தமிழைச் சுமந்துகொண்டிருப்பவர்கள் ஏழைப் பிள்ளைகள். சுமப்பவருக்குக் கூலி வேண்டாமா? தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் சரியான வழி காட்டியது. தமிழ்க் கணினித் துறையில் உருவாகும் வேலைகளிலும் அந்தப் பிள்ளைகளுக்குப் பங்கு வேண்டும்.

எதைக் காப்பது, எதை விடுவது

பழையது எல்லாம் காக்கத்தக்கது என்று நாம் சொல்லமாட்டோம். ஊர் அறிவிப்புக்குப் பறையடித்துத் தண்டோரா போடும் வேலை நம்மீது சுமத்தப்பட்டிருந்தது. 2022 ஆகஸ்டில், அன்றைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு அதை நிறுத்தச் சொல்லி, ஒலிபெருக்கியைப் பயன்படுத்துமாறு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒலிபெருக்கி வந்ததால் ஒரு மரபு அழிந்தது என்று நாம் அழுதோமா? வரவேற்றோம். பறை கலையாக மேடையில் முழங்கட்டும். ஊழியமாகத் தெருவில் வேண்டாம்.

சொற்களிலும் இப்படித்தான். உலகமயமாக்கலின் முதல் சுற்றில், கப்பல் காலத்தில், கட்டுமரமும் சுருட்டும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போயின. அவற்றோடு 'பறையர்' என்ற பெயரும் 'பரையா' என்று போய், ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் அங்கே நிலைத்துவிட்டது. எந்த நாடாவது தனிமைப்படுத்தப்பட்டால் அதற்கு இன்றும் ஆங்கிலப் பத்திரிகைகள் நம் பெயரை வைக்கின்றன. அன்று நம் சார்பில் பேச யாரும் இல்லாததால் வந்த கேடு இது. இரண்டாவது சுற்று இப்போது கணினி வழியாக நடக்கிறது. சாதி வசவுகளும் இழிவான பழமொழிகளும் எவ்விதக் குறிப்பும் இல்லாமல் இயந்திரத்துக்குள் போனால், நாளை நம் பிள்ளைகளுக்கே அவற்றைப் பாடமாகச் சொல்லும். இவை வசவு, இவை கொடுமையின் சான்று என்று குறித்து வைக்கும் இடத்தில் நம்மவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இது கூலிப் பிரச்சினையும்கூட

மொழி காப்பது பண்டிதர் வேலை, நமக்கென்ன என்று உழைப்பவர்கள் நினைக்கலாம். கிராமத்தில் இருப்பவர்களைக் கேட்கிறோம்: 100 நாள் வேலைக்கு 2023 ஜனவரி முதல் கைப்பேசிச் செயலியில் படம் எடுத்தால்தான் வருகைப் பதிவு என்றானபோது யார் தவித்தார்கள்? வங்கிக்குப் பேசினால் இயந்திரக் குரல், மின்சார வாரியத்துக்கும் செயலி, ஓய்வூதியத்துக்கும் ரேகை. அடுத்து எல்லாவற்றையும் பேசியே கேட்கலாம் என்று வரப்போகிறது. அதற்காகத்தான் மத்திய அரசு 2022இல் பாஷிணி திட்டத்தைத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஏ.ஐ.4 பாரத் குழு 22 மொழிகளில் ஊர் ஊராகக் குரல்களைச் சேகரிக்கிறது. நல்லது. ஆனால் அந்த இயந்திரத்துக்கு நம் ஆயாவின் பேச்சு புரியாவிட்டால் என்ன ஆகும்? 'மன்னிக்கவும், மீண்டும் கூறவும்' என்று அது மூன்று முறை சொல்லிவிட்டுத் துண்டித்துவிடும். அவர் மறுபடியும் யாரோ ஒருவர் வாசலில் போய் எழுதித் தரச் சொல்லி நிற்க வேண்டும். நம் தாத்தாக்கள் மனு எழுதித் தரச் சொல்லிக் கைகட்டி நின்ற இடம் அது. அந்த இடத்துக்குத் திரும்பக் கூடாது.

ஆகவே சில கோரிக்கைகள். பொதுப்பணத்தில் தமிழ்க் குரல் சேகரிக்கும் எந்தத் திட்டமும் சேரிகளுக்கும் மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் வர வேண்டும். குரல் கொடுப்பவருக்கு அன்றைய கூலியாவது கொடுக்க வேண்டும். எதற்காகப் பதிவு செய்கிறோம் என்று விளக்கிச் சம்மதம் பெற வேண்டும். எந்தெந்த மாவட்டம், எந்தெந்தத் தொழில், எந்தெந்தச் சமூகத்தின் பேச்சு எவ்வளவு சேர்ந்தது என்று கணக்கு வெளியிட வேண்டும். துப்புரவுப் பணியில் உள்ள அருந்ததியர் பலர் வீட்டில் பேசும் தெலுங்கும், சிலர் பேசும் கன்னடமும் அந்தக் கணக்கில் வர வேண்டும். பெரும்பாக்கத்துச் செம்மொழி நிறுவனம் தன் எதிரிலிருக்கும் வாழும் தமிழுக்காக, மாதம் ஒரு நாளாவது அடுக்ககத்துப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்கலாம்.

மாணவர்களே, அரசு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கி.ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். கண்மணி குணசேகரன் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே 2007இல் நடுநாட்டுச் சொல்லகராதியைக் கொடுத்தார். அகராதி செய்யப் பெரிய பட்டம் வேண்டியதில்லை. காது வேண்டும், பொறுமை வேண்டும். நம் செங்கல்பட்டுப் பகுதிச் சேரிச் சொற்களுக்கும் அப்படி ஒன்றை உங்களால் செய்ய முடியும்.

உங்கள் கையில் கைப்பேசி இருக்கிறது. இந்த விடுமுறையில் ஆயாவிடம் நடவு வேலையைப் பற்றிக் கேளுங்கள். தாத்தாவிடம் ஏரித் தண்ணீர் பங்கு வைத்த கதையைக் கேளுங்கள். அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு சொல்லையும் பொருளோடும், ஊரோடும், எந்த வேலையில் வந்தது என்ற குறிப்போடும் நோட்டில் எழுதுங்கள். தமிழ் விக்சனரியில் யார் வேண்டுமானாலும் சொல் சேர்க்கலாம். மொசில்லாவின் 'காமன் வாய்ஸ்' தளத்தில் யார் வேண்டுமானாலும் தமிழில் குரல் கொடுக்கலாம். அதற்கு ஒரு காசு செலவில்லை. ஒருவர் வாரம் பத்துச் சொல் சேர்த்தால் ஆண்டுக்கு ஐந்நூறு சொல். ஒரு தெருவில் பத்து மாணவர்கள் சேர்ந்தால் ஓர் அகராதிக்கு அடித்தளம்.

அயோத்திதாசர் ஒரு பைசாவில் தமிழை நம் கையில் கொடுத்தார். அந்தத் தமிழை இயந்திரத்திடம் ஒப்படைக்கும்போது, நம் வீட்டுச் சொல் ஒன்றுகூட வாசலில் நின்றுவிடக் கூடாது.